ரீசேல் வேல்யூ, ரீசேல் வேல்யூ... யாருக்குய்யா வேல்யூ?

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன்"னு நம்மூர்ல யாருகிட்ட வாயைத் திறந்தாலும் பதிலுக்கு முதல்ல வந்து விழுற வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான்.

"ரீசேல் வேல்யூ பாத்து வாங்குப்பா!"

வண்டி இன்னும் வாசலுக்கே வரலை. அதுக்குள்ள அதை எப்படி விக்கிறதுன்னு கவலை. பொண்ணு பாக்கப் போன வீட்டுல பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டே டைவர்ஸ் வக்கீல் நம்பர் கேக்குற மாதிரி இருக்கு.

புதுக் கார் வாங்குறவன் இதைக் கேட்டா நியாயம் இருக்கு. ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிசத்துல இருந்து விலை இறங்குறது அவனோட பணம். எந்த வண்டி மெதுவா இறங்கும்னு அவன் பாக்கத்தான் வேணும். ஆனா பழைய கார் வாங்குறவனுக்கு இதே மந்திரத்தை ஓதுறீங்களே, அதுதான் எனக்குத் தாங்கலை. அந்த ரீசேல் வேல்யூவை யார் குடுக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? ஆர்.டி.ஓ.வா? கம்பெனிக்காரனா? நீங்கதான் சாமி குடுக்கிறீங்க. முதல் ஓனர் "நல்ல ரேட்டுக்குப் போச்சுங்க"ன்னு சந்தோசமா எண்ணி வாங்குறது உங்க பீரோவுல இருந்து போன பணம்.

நம்ம மச்சான் ஒருத்தன் திருப்பூர்ல இருக்கான். சீட்டு எடுத்த பணம், நகைக்கடன் திருப்பின மிச்சம் எல்லாம் சேர்த்து அஞ்சு லட்சம். அப்பா அம்மா, பொண்டாட்டி, ரெண்டு பசங்க. இவ்வளவு நாளா டூவீலர்ல நாலு பேரா போனவங்க. அவனுக்கு வேண்டியது பின்சீட்டுல மூணு பேர் முட்டிக்காம உக்காரணும், டிக்கியில ரெண்டு பேக் வைக்கணும், நடுரோட்டுல நிக்கக்கூடாது, மோதினா ஆள் பிழைக்கணும். அவ்வளவுதான். ஆனா அவனைச் சுத்தி இருக்கிற சித்தப்பா, பெரியப்பா, ஆபீஸ் அண்ணாச்சி எல்லாரும் சேர்ந்து அவன் தலையில ஏத்தினது அந்த ஒத்தை மந்திரத்தை மட்டும்தான். விளைவு என்ன? எல்லாரும் கேக்குற வண்டி, அதனால விலை ஏறின வண்டி, அதனால அவன் பணத்துக்கு ஏழெட்டு வருசம் பழசு, அதுலயும் கீழ் வேரியன்ட். அதுக்கு முன்னாடி கை கட்டி நிக்கிறான்.

ஒரு கணக்கு போடுவோம். நம்பர் எல்லாம் புரியுறதுக்காக நான் வச்சுக்கிட்டது, சந்தை ரேட் இல்ல. 2018-ல ரெண்டு கார், ரெண்டுமே புதுசா ஒன்பது லட்சம். ஒண்ணு எல்லாரும் கேக்குற கார், இன்னொண்ணு யாரும் அவ்வளவா கேக்காத கார். இன்னிக்கு முதல் கார் அஞ்சரை லட்சம், ரெண்டாவது நாலேகால். நீங்க அஞ்சு வருசம் ஓட்டிட்டு விக்கிறப்ப முதலாவது மூணுக்குப் போகுது, ரெண்டாவது ரெண்டுக்குப் போகுது. சித்தப்பா மீசையை முறுக்குவார்: "பாத்தியா, ஒரு லட்சம் கூடக் கிடைச்சுதுல்ல?" கிடைச்சது சித்தப்பா. வாங்குறப்ப ஒண்ணேகால் லட்சம் கூடக் குடுத்தமே, அது எங்க? முதல் கார்ல கரைஞ்சது ரெண்டரை லட்சம், ரெண்டாவதுல ரெண்டேகால். அந்த ஒண்ணேகால் லட்சம் அஞ்சு வருசம் உங்க கையில இருந்திருக்கும், அதையும் சேர்த்துக்கங்க. லோன் போட்டு வாங்குறவங்களுக்கு அடி இன்னும் பலம், ஏன்னா பழைய காருக்கு பேங்க் வாங்குற வட்டி புதுக் காரோட வட்டியை விட அதிகம்.

ரெண்டு வருசத்துல வித்துட்டு துபாய் போறவன், மாசாமாசம் வண்டி மாத்துறவன், இவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவங்க வேற ஜாதி, விட்ருங்க :-)

நிற்க. இந்த "பிரீமியம் ஹேட்ச்பேக்"ங்கிற பேரைப் பத்தி ஒரு வார்த்தை. 2006 பட்ஜெட்ல நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருக்கிற காருக்கு எக்சைஸ் வரியை 24-ல இருந்து 16 சதவீதமாக் குறைச்சாங்க. அன்னிலிருந்து கம்பெனிக்காரங்க எல்லாம் டெய்லர் டேப்பைக் கையில எடுத்துட்டாங்க. 2015-ல வந்த பலேனோ 3995 மில்லிமீட்டர், எலைட் ஐ20 3985, அல்ட்ராஸ் 3990. நாலு மீட்டர் கோட்டுக்கு மூக்கை ஒட்டி நிக்குற வண்டிகள். அந்த அளவுக்குள்ள எவ்வளவு இடம், எவ்வளவு வசதி திணிக்க முடியும்ங்கிற போட்டிதான் பிரீமியம் ஹேட்ச். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இதை விடப் பொருத்தமான சைஸ் கிடையாதுங்கிறது என் கட்சி. செடான் அளவுக்கு உள்ள இடம், சந்துல திருப்பலாம். அதனால மச்சான் இந்த வகையைத் தேடினதுல எனக்கு சண்டை இல்ல. தேடின விதத்துலதான் சண்டை.

சண்டைக்கு சாட்சி வேணுமா? 2019 ஜூன்ல டொயோட்டா கிளான்சா வந்தது. பலேனோவே தான். அதே குஜராத் தொழிற்சாலை, அதே சுசுகி இன்ஜின், முன்னாடி சின்னம் மட்டும் வேற. இப்ப அதே வருசம், அதே மாதிரி வேரியன்ட், அதே கிலோமீட்டர்ல ரெண்டுக்கும் உங்க ஊர்ல என்ன விலை சொல்றாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. ஒரே வண்டிக்கு ரெண்டு விலை வந்தா, அந்த வித்தியாசம் இரும்புக்கா, பேருக்கா? கம்மியா இருக்கிறதை எடுங்க, முடிஞ்சுது.

அடுத்து நம்ம ஜாஸ். ஹோண்டா இதை 2009-ல கொண்டு வந்தாங்க, விலை எகிறி நின்னதுல 2013-ல மூட்டை கட்டினாங்க, 2015-ல திரும்ப வந்து 2023-ல மொத்தமா நிறுத்திட்டாங்க. "நிறுத்தின வண்டியா? ஐயய்யோ!"ன்னு ஊரே ஓடுது. ஓடட்டும். எவ்வளவு பேர் ஓடுறாங்களோ அவ்வளவு விலை குறையும். 354 லிட்டர் டிக்கி. பின்சீட்டோட அடிப்பக்கத்தைத் தூக்கி மடக்கினா தரையில இருந்து கூரை வரைக்கும் இடம், சின்ன ஃப்ரிட்ஜையே நிக்க வச்சுக் கொண்டு போலாம். பெரியவங்க குனியாம ஏறி இறங்கலாம். பார்ட்ஸ்? அந்த 1.2 ஐ-விடெக் பெட்ரோல் இன்ஜின் அமேஸ்லயும் ஓடுது. கம்பெனி ஊர்ல இருக்கு, இன்ஜின் இன்னொரு வண்டியில உயிரோட இருக்கு. அப்புறம் என்னத்துக்கு பயம்?

இந்த ரெண்டு கேள்விதான் முக்கியம், கவனிங்க. கம்பெனி நாட்டுல இருக்கா? இன்ஜின், கியர்பாக்ஸ் வேற வண்டியிலயும் இருக்கா? ரெண்டுக்கும் "ஆமா"ன்னா, ஊர் ஒதுக்கின வண்டி உங்களுக்கு லாபம். "யாரும் வாங்காததை எல்லாம் வாங்கு"ன்னு நான் சொல்லலை. ஃபியட் புண்ட்டோ ஓட்டுறதுக்கு என்ன சுகமான வண்டி! ஆனா ஹெட்லைட் உடைஞ்சா ஊர் ஊரா போன் போட வேண்டி வரும். ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்க உற்பத்தியை நிறுத்துறோம்னு அறிவிச்சப்போ சர்வீசும் பார்ட்சும் தொடரும்னு சொன்னாங்க. இருந்தாலும் அஞ்சு லட்சம்தான் மொத்தக் கையிருப்புங்கிறவனுக்கு பம்பருக்குக் காத்திருக்கிற பொறுமை இருக்காது. அதெல்லாம் வீட்டுல ரெண்டாவது கார் வச்சிருக்கிற ரசிகர்களுக்கு.

போலோவைச் சொல்லலைன்னா அடிக்க வருவீங்க. 2010-ல இருந்து 2022 வரைக்கும் வித்த வண்டி, கட்டுமானம் கெட்டி, ஹைவேல தரையோட ஒட்டி ஓடும். ஆனா பின்சீட்டு மூணு பேருக்கு ஆகாது. ரசிகர் மன்றம் வச்சு விலையை ஏத்தி விட்ருக்காங்க. கம்மி பட்ஜெட்ல டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் பக்கம் தலை வச்சுப் படுக்கவே படுக்காதீங்க, அந்த கியர்பாக்ஸ் ஒரு தடவை படுத்தா வண்டி விலையில பெரிய பங்கு அதுக்கே போயிடும். எலைட் ஐ20 நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில பொறந்த பிள்ளை, 2014-ல இருந்து 2020 வரைக்கும். குறை சொல்ல ஒண்ணும் இல்ல, விலை கூடுதல்ங்கிறதைத் தவிர. அல்ட்ராஸ் 2020-ல வந்தது, குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார். பெட்ரோல் மூணு சிலிண்டர், ஐடில்ல ஒரு நடுக்கம் இருக்கும், ஓட்டிப் பாத்து ஒத்துக்கிட்டா எடுங்க.

பெட்ரோல்னதும் ஞாபகம் வருது. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டிகள் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குன்னு செஞ்சது இல்ல, பங்க்ல கிடைக்கிறதோ அதுதான். மைலேஜ் கொஞ்சம் குறையும், ஃபியூயல் லைன் ரப்பர் சமாச்சாரங்களை மெக்கானிக்கை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. பயந்து போய் டீசல் வாங்க ஓட வேண்டாம். பி.எஸ். 6 டீசல்ல புகையை வடிகட்டுற டி.பி.எஃப். இருக்கு, தினமும் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போற வண்டியில அது அடைச்சுக்கும்.

இனி நான் உண்மையிலேயே கோவப்படுற இடம். வேரியன்ட்.

"ஏன்ணே, இதுல டச் ஸ்கிரீன் இருக்கு, அலாய் வீல் இருக்கு, அதுல ஒண்ணுமே இல்லையே" அப்படின்னான் மச்சான். 'அதுல' இருந்தது ரெண்டு ஏர்பேக். 'இதுல' இருந்தது பழைய கீழ் வேரியன்ட்ல வெளிக்கடையில மாட்டின ஸ்கிரீன். 2014 தொடக்கத்துல குளோபல் என்கேப் நம்ம நாட்டுக் கார்களை முதல் தடவையா மோத விட்டுப் பாத்தாங்க. ஏர்பேக் இல்லாத போலோவுக்கு பூஜ்யம் ஸ்டார். அதே போலோ, ரெண்டு ஏர்பேக்கோட, நாலு ஸ்டார். அதே தகரம், அதே இன்ஜின், அதே பேரு! அதுக்கப்புறம்தான் போலோ எல்லா வேரியன்ட்லயும் ரெண்டு ஏர்பேக் வந்தது. நம்ம அரசாங்கம் டிரைவர் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கினது 2019 ஜூலையில. ஏ.பி.எஸ். அதே வருசம் ஏப்ரல்ல. பக்கத்து சீட்டு ஏர்பேக் எல்லாப் புது வண்டிக்கும் வர 2021 கடைசி ஆயிடுச்சு. பலேனோ மாதிரி சிலது ஆரம்பத்துலயே எல்லா வேரியன்ட்லயும் குடுத்தாங்க, பலது குடுக்கலை. அப்போ 2017, 2018 வண்டி பாக்குறப்ப "எந்த மாடல்"னு கேட்டா பத்தாது, "எந்த வேரியன்ட்"னு கேக்கணும். ஸ்கிரீனை எட்டாயிரம் ரூபாய்க்கு அப்புறமா மாட்டிக்கலாம். ஏர்பேக்கை எந்தக் கடையில போய் மாட்டுவீங்க?

இங்கதான் ரீசேல் மந்திரத்தோட முழு விசயமும் வெளிய வருது. ஊர் கேக்குற பேருக்கு அதிகம் குடுத்தா, அதே பட்ஜெட்ல வருசம் பின்னாடி போகுது, வேரியன்ட் கீழ போகுது. அஞ்சு வருசம் கழிச்சு வரப்போற, வருமான்னே தெரியாத ஒரு லட்சத்துக்காக இன்னிக்கு முன்சீட்டுல உக்காரப் போற பொண்டாட்டிக்கு ஏர்பேக் இல்லாம வண்டி எடுக்கிறது எந்த ஊர் சாமர்த்தியம்?

ஏர்பேக் இருக்குன்னு எழுதியிருந்தா மட்டும் நம்பிடாதீங்க. ஏற்கெனவே மோதி வெடிச்ச ஏர்பேக்கை மாத்த காசாகும்னு மேல மூடியை மட்டும் ஒட்டி விக்கிற புண்ணியவான்கள் உண்டு. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, சில செகண்ட்ல அணையணும். எரியவே இல்லைன்னாலும் சந்தேகம், அணையலைன்னாலும் சந்தேகம். வேற விளக்கோட வயரை இதுல இணைச்சு ஏமாத்துறவனும் இருக்கான், அதனால ஸ்கேனர் போட்டுப் பாத்துடுங்க.

புரோக்கர் அண்ணன்களைப் பத்தி சொல்லாம எப்படி? "டாக்டர் ஓட்டின வண்டி சார், ஒத்தை ஓனர்." தமிழ்நாட்டுல இருக்கிற டாக்டர்களை விட டாக்டர் ஓட்டின கார் அதிகம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இப்ப ஆன்லைன்ல விக்கிறவங்க அதையே இருநூறு பாயின்ட் செக்கப்னு இங்கிலீஷ்ல சொல்றாங்க. வண்டியை விக்கிறவனே செக் பண்ணிக் குடுத்த சர்டிபிகேட்டை வாங்கி வச்சு என்ன பண்றது, பூஜை ரூம்ல மாட்டுறதா?

உங்க ஆளு, உங்க காசு. சொந்தமா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. காலையில போங்க, போன உடனே பானெட் மேல கை வைங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடாக்கியிருக்கான், ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாம இருக்க. கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் மூலையில வருசக் குறியீடு இருக்கும், ஒண்ணு மட்டும் வேற வருசம்னா ஏன்னு கேளுங்க. பானெட், ஃபெண்டர் போல்ட்ல ஸ்பேனர் பட்ட தழும்பு, டோர் பீடிங்கை இழுத்தா உள்ள கம்பெனி ஸ்பாட் வெல்டிங் ஒரே சீரா இருக்கா, டயர்ல கடைசி நாலு எண் (2319-னா 2019-ஓட 23-வது வாரம்). மீட்டர் முப்பதாயிரம் காட்டுது, ஆனா பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு, ஸ்டியரிங் எண்ணெய்ச்சட்டி மாதிரி மின்னுதுன்னா மீட்டருக்கும் பெடலுக்கும் ஒருத்தர் பொய் சொல்றார். பெடல் பொய் சொல்லாது. வண்டி நம்பரைக் குடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி கேளுங்க, ஒவ்வொரு சர்வீசுலயும் எத்தனை கிலோமீட்டர்னு இருக்கும். முரண்டு பிடிச்சா ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்க. தர மாட்டேங்கிறவர்கிட்ட நமக்கென்ன பேச்சு?

வெள்ளத்துல மூழ்கின வண்டி தனிக் கதை. நான் இருக்கிறது கோயமுத்தூர். இங்க TN-னு தொடங்குற நம்பர்னா நம்மூர் வண்டின்னு நினைச்சுக்கிறாங்க. 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கினது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல பள்ளிக்கரணை அபார்ட்மென்ட்ல கார்கள் மிதந்து போனது, அதே மாசம் தூத்துக்குடி, நெல்லையில தண்ணி நின்னது எல்லாம் பாத்தோம்ல? இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம்னு எழுதின வண்டி எல்லாம் காயலான் கடைக்குப் போயிடுறதில்ல. ஏலத்துல எடுத்து, கழுவி, சென்ட் அடிச்சு, வெள்ளம் தெரியாத ஊருக்கு அனுப்புறாங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க, கடைசி முழத்துல சேறு கோடு இருக்கும், அதை யாரும் கழுவுறதில்ல. சீட்டுக்கு அடியில இருக்கிற தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி குழியில மண்ணு, கார்பெட் தூக்கினா பழைய வாடை. இதுல ஒண்ணு இருந்தாலும் வண்டி என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். வயரிங்ல பூந்த தண்ணி ரெண்டு வருசம் கழிச்சும் வேலையைக் காட்டும்.

டெல்லி வண்டி மலிவுன்னு ஒரு கூட்டம் அலையுது. அங்க டீசலுக்குப் பத்து வருசம், பெட்ரோலுக்குப் பதினஞ்சு வருசம்னு கெடுபிடி வந்ததுல மலிவா தள்ளி விடுறாங்க, வாஸ்தவம்தான். என்.ஓ.சி. வாங்கி, இங்க லைஃப் டாக்ஸ் கட்டி, நம்பர் மாத்தி, அலைஞ்ச செலவும் சேர்த்தா மலிவு எங்க போச்சுன்னு தேடணும்.

விலை பேசுறதுக்கு ஒரே ஒரு ஆயுதம் சொல்றேன். 2025 செப்டம்பர் 22-ல சின்ன காருக்கான ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதம் ஆச்சு, மேல இருந்த செஸ்சும் போச்சு. பலேனோவோட ஆரம்ப எக்ஸ் ஷோரூம் விலை ஆறு லட்சத்தை ஒட்டி வந்துடுச்சு. ஆனா பழைய கார் விக்கிறவர் இன்னும் பழைய பில்லைக் காட்டி "ஒன்பது லட்சத்துக்கு எடுத்தேங்க"ங்கிறார். அவர் என்னத்துக்கு எடுத்தா நமக்கென்ன? அதே வேரியன்ட், அல்லது அதுக்கு இணையானது, இன்னிக்குப் புதுசா என்ன விலைன்னு பாத்து, அதுல இருந்து கீழ இறங்குங்க. அஞ்சு லட்சம் கையில இருந்தா வண்டிக்கு நாலேகால், மிஞ்சினா நாலரை. மிச்சம் டயர், பேட்டரி, கிளட்ச், இன்சூரன்ஸ். வாங்கின முதல் ஆறு மாசம் பழைய கார் கை நீட்டும், குடுத்துத்தான் ஆகணும்.

பேப்பர் விசயம் சுருக்கமா. ஆர்.சி.யில லோன் என்ட்ரி இருக்கான்னு எம்பரிவாகன்ல பாருங்க, இருந்தா பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 வராம பணத்தை முழுசா குடுக்காதீங்க. பழைய சலான் பாக்கி பாருங்க. "ஐம்பது சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு சார்"னு சொல்வாங்க, அது ஓனருக்குச் சொந்தம், வண்டியோட வராது. இன்சூரன்சை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க. பேர் மாத்துறதை "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுற புரோக்கர்கிட்ட வாங்காதீங்க. உங்க பழைய வண்டியைக் குடுக்கிறப்பவும் இதே தான். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில.

டிஸ்கி: போலோ ஜி.டி. வச்சிருக்கிற மக்கள் கட்டையோட வர வேண்டாம். உங்க வண்டி நல்ல வண்டிதான். என் மச்சானோட அப்பா அம்மாவை அதோட பின்சீட்டுல உக்கார வச்சு திருப்பூர்ல இருந்து திருச்செந்தூர் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, அப்புறம் பேசலாம் :-)